ரூனேயின் பிளிமத்

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை ரூனேயின் வாசல் கல்யாண வீடு மாதிரி இருக்கும். ஏரிக்கரைச் சாலையிலிருந்து பதினோரு பழைய அமெரிக்கக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவருடைய சிவப்புக் கொட்டகைக்கு முன்னால் நிற்கும். பனி விழுமுன் அவற்றை உள்ளே போட்டுவிட வேண்டும். பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவ ஆரம்பித்தபிறகு ஓட்டினால் அந்த அறுபது வருடத்துத் தகரமெல்லாம் அரித்து அப்பளமாகிவிடும். மாடுகளை விற்றபின் கொட்டகை சும்மா கிடக்கிறதே என்று ரூனே ஆரம்பித்த வேலை இது. முப்பது குளிர்காலம் ஓடிவிட்டது, ஒரு காருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

கொட்டகைக்குள் ரூனே வைத்ததுதான் சட்டம். பெட்ரோல் டேங்க் கழுத்துவரை நிரம்பியிருக்க வேண்டும். இடம் விட்டால் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும். புகைக்குழாயில் எலி ஏறாமல் இரும்புநார் அடைக்க வேண்டும். போர்த்துவதற்குப் பருத்தித் துணிதான், பிளாஸ்டிக் கொண்டு வந்தவன் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் போவான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வைத்தவனை அன்றைக்கு முழுக்கக் கழுதை என்றுதான் கூப்பிடுவார், ஏனென்றால் ஆறு மாதத்தில் பிரேக் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பேட்டரிகளெல்லாம் நிலவறைக்குப் போகும். சாவிகள் சமையலறைச் சுவரில் இருக்கும் பதினோரு ஆணிகளுக்குப் போகும். அதற்குப்பின் ஏப்ரல் கடைசிவரை எந்தச் சொந்தக்காரனுக்கும் தன் கார்மேல் உரிமை கிடையாது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு சடங்கு உண்டு. ரூனே ஒவ்வொரு காரின் பானெட்டையும் திறந்து, ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் ரேடியேட்டர் தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சிப் பார்ப்பார். தண்ணீர் உறையாமலிருக்க அதில் கலந்திருக்கும் பச்சை மருந்து எத்தனை டிகிரிவரை தாங்கும் என்பதைக் குழாய் காட்டிவிடும். அந்த எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதி முன்கண்ணாடியில் ஒட்டுவார். மைனஸ் முப்பத்தைந்து என்று எழுதியிருந்தால் அந்தக் குளிர்வரை கவலையில்லை. மருந்து போதாமல் தண்ணீர் உறைந்தால் பெருக்கும், பெருத்தால் எஞ்சினின் வார்ப்பிரும்பு பிளக்கும், பிளந்தால் அந்தக் காருக்குப் பாடை கட்ட வேண்டியதுதான். அதனால் அந்த டேப்புத்தான் ரூனேயின் வாக்கு.

பதினொன்றில் ஒன்று மட்டும் அவர் வயிற்றில் நெருப்பாக இருந்தது. மயில்கழுத்து நிறத்தில், பின்னால் இரண்டு இறக்கை தூக்கி நிற்கும் ஐம்பத்தேழாம் வருட பிளிமத். இருபத்திரண்டு வருடம் அது அவருடையது. மூன்று வருடத்துக்கு முன் சர்க்கரை வியாதி கண்ணின் பக்கவாட்டுப் பார்வையைத் தின்றுவிட, டாக்டர் சொல்லி லைசென்ஸ் பறிபோனது. ஓடாத கார் செத்த கார் என்பது ரூனேயின் கொள்கை. கொள்கைக்காக விற்றார். வாங்கியவர் ஹென்னிங். வெஸ்டெரோஸ் நகரத்தில் முப்பத்தைந்து வருடம் பல் பிடுங்கிவிட்டு, ஓய்வுக்காலத்துக்கு ஏரிக்கரையில் வீடு வாங்கி வந்த மனிதர். பூப்போன்ற கை. கார் ஓட்டுவதற்கென்று தனியாகத் தோல் கையுறை.

விற்றது ரூனேதான், யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. ஆனால் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவனுக்கு மருமகனைத் திட்டுகிற உரிமையாவது உண்டு, காரை விற்றவனுக்கு அதுகூடக் கிடையாது. கோடையில் சனிக்கிழமை மாலை அந்த எஞ்சின் சத்தம் கேட்டால் ரூனே காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். மேட்டில் மிதிக்கவேண்டிய இடத்தில் அவன் மிதிக்கவில்லை என்பது நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவருக்குத் தெரியும். ஹென்னிங் ஏதாவது தப்பாகச் செய்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். சரியாகச் செய்தால்தான் தாங்காது. இருபத்திரண்டு வருடம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த இடது கதவு, அந்தப் பல்டாக்டரிடம் போன முதல் வாரமே வாயை மூடிக்கொண்டது.

ஒரே ஒரு ஆறுதல், ஊரின் வழக்கம். அந்தப் பக்கத்தில் ஒரு காருக்கு முதலில் யார் பேர் ஒட்டுகிறதோ அதுதான் கடைசிவரை. குன்னாரின் காடிலாக் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள், குன்னார் செத்துப் பதினைந்து வருடமாகிறது. அப்படித்தான் ஹென்னிங் தன் தோல் கையுறையோடு ஓட்டிப் போகும்போதும், "அதோ ரூனேயோட பிளிமத்" என்றார்கள். அதைக் கேட்கும்போது ரூனேக்கு ஒரு வாய் தேன் நக்கினாற்போல இருக்கும்.

ஜூலை மாதம் கார்க்காரர்களெல்லாம் ஏரியைச் சுற்றி ஊர்வலம் போனபோது ஹென்னிங் வந்து ரூனேயையும் அவர் மனைவி மாய்கெனையும் கூப்பிட்டார். ரூனே முழங்கால் வலி என்றார். மாய்கென் தலையில் ஒரு பட்டுத்துணியைக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து போனாள், இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த அதே சீட்டில். சாயங்காலம் கன்னமெல்லாம் சிவந்து சிரித்துக்கொண்டே திரும்பினாள். மேட்டில் என்ன நடந்தது தெரியுமா என்று ஆரம்பித்தாள். ரூனே பேச்சை வெட்டினார். அந்தக் காரைப் பற்றி இந்த வீட்டில் இனிமேல் ஒரு பேச்சும் கூடாது என்றார். சரிதான் போ என்று அவள் பட்டுத்துணியை மடித்து வைத்துவிட்டாள்.

அக்டோபரில் பத்துக் கார்களை அளந்து முடித்துக் குழாயோடு பிளிமத்திடம் வந்தபோது ரூனேயின் கை பானெட்டின்மேல் நின்றுவிட்டது. இன்னொருத்தன் கை புழங்கிய எஞ்சினைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? விற்பதற்கு முந்தின மாதம் தன் கையால் மருந்தும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றியது அவர்தானே? அவருக்குத் தெரியாத அளவா? விற்றபின் ஒவ்வொரு அக்டோபரிலும் செய்ததுபோலவே, பானெட்டைத் திறக்காமல் பேனாவை எடுத்து மைனஸ் முப்பத்தெட்டு என்று எழுதி ஒட்டிவிட்டார். பக்கத்தில் ஹென்னிங் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தின்றபடி நின்றிருந்தார். நவம்பரில் குளிருக்குத் தப்பி அவர் ஸ்பெயினுக்குப் பறந்துவிட்டார்.

அந்தக் குளிர்காலம் பூனை மாதிரி வந்தது. ஜனவரி பாதிவரை மைனஸ் பத்தைத் தாண்டவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாய்கென் போனில் வானிலை பார்த்துவிட்டு, புதன்கிழமையிலிருந்து இறங்கப் போகிறதாம், வெள்ளிக்கிழமை மைனஸ் முப்பதாம் என்றாள். கொட்டகையிலே எல்லாம் பத்திரம்தானே என்று கேட்டாள். எல்லாவற்றையும் அளந்துதான் வைத்திருக்கிறேன் என்றார் ரூனே.

"அப்ப ஹென்னிங் அந்த ஏரித் தண்ணிய மாத்திட்டாராக்கும்" என்றாள்.

"எந்த ஏரித் தண்ணி?"

"ஜூலைல மேட்டுல ஏறறப்ப கொதிச்சுப் பொங்கிடுச்சுல்ல. காபிக் கெட்டில்ல மொண்டு மொண்டு ஊத்தினோம். ஏழெட்டு தடவை நானே ஏரிக்கு இறங்கி ஏறினேன், மறுநாள் கால எடுத்து வைக்க முடியல."

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். அந்தக் காரைப் பத்தி வாயத் திறக்கக் கூடாதுன்னது யாரு, நம்ம வீட்டு எலியா?"

ரூனே மனக்கணக்குப் போட்டார். பாதிக்குப் பாதி ஏரித் தண்ணீர் என்றால் மருந்து நீர்த்துப்போயிருக்கும். மைனஸ் பன்னிரண்டு, மிஞ்சினால் பதிமூன்று தாங்கும். அதற்குக் கீழே போனால் கூழாகும், முப்பதுக்குப் போனால் கல்லாகும். ஹென்னிங் நகரத்து ஆள். கோடையில் ஊற்றிய தண்ணீர் குளிர்காலத்தில் என்ன செய்யும் என்று யோசித்திருக்க மாட்டான். யோசித்திருந்தாலும், அக்டோபரில் ரூனே எண் எழுதி ஒட்டியபின் அவன் ஏன் கவலைப்படப் போகிறான்?

உடனே எழுந்து போயிருக்க வேண்டும். ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டால் அரைமணி வேலை. எழுந்தும்விட்டார். ஆனால் சாவி தொங்கும் ஆணிவரை போனவரின் காதில் ஒரு குரல் கேட்டது. ஊரின் குரல். 'ரூனேகிட்ட இருந்தவரைக்கும் நல்லா இருந்துச்சு. பல்டாக்டர்கிட்ட போச்சு, மூணே வருஷத்துல எஞ்சின் பிளந்துடுச்சு.' அந்தக் குரல் அவ்வளவு இனிப்பாக இருந்தது. அவர் சும்மா இருந்தால் போதும். எதையும் உடைக்க வேண்டாம், திருட வேண்டாம், பொய்கூடச் சொல்ல வேண்டாம். அந்த டேப்பை மட்டும் ஒருநாள் கிழித்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"மாத்தியிருப்பார்" என்று மாய்கெனிடம் சொல்லிவிட்டு, ரூனே திரும்பி வந்து உட்கார்ந்து காபியைக் குடித்தார்.

புதன்கிழமை அவர் சமையலறை ஜன்னலை விட்டு நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆணியடித்து வைத்திருந்த வெப்பமானி காலையில் மைனஸ் ஒன்பது காட்டியது, மதியம் பதினான்கு. கொட்டகைக்குள் குளிர் மெதுவாகத்தான் போகும், இன்னும் நேரமிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மதியத்துக்குமேல் மாய்கெனின் போனுக்கு ஸ்பெயினிலிருந்து ஒரு படம் வந்தது. வெயிலில் நீட்டிய இரண்டு வெள்ளைக் கால்கள், பின்னால் கடல். கீழே ஒரு வரி: என் செல்லம் நன்றாகத் தூங்குகிறாளா?

மாய்கென் சிரித்தாள். ரூனேக்கு நெஞ்சிலிருந்து காதுவரை சூடேறியது. யாருடைய செல்லம்? ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி மாட்டியவன் இங்கே குளிரில் கிடக்கிறான், சாவி வாங்கியவன் வெயிலில் கால் நீட்டிக்கொண்டு செல்லம் கொஞ்சுகிறான். பிளக்கட்டும் என்று நினைத்தார். நினைத்தது மட்டுமல்ல, உதடு அசைத்துச் சொன்னார். வைக்கோற்போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்களே, அந்த நாய்க்கு அன்றைக்கு ரூனேயைப் பார்த்திருந்தால் வெட்கமாயிருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை வெப்பமானி மைனஸ் இருபத்திரண்டில் இருந்தது. ரூனே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அடுப்புப் பக்கமிருந்து மாய்கென் கேட்டாள்.

"என்ன சிரிப்பு?"

"யாரு சிரிச்சா?"

"நீதான். நாப்பத்தஞ்சு வருஷமா உன்னோட குடும்பம் நடத்தறேன், குளிரைப் பார்த்துச் சிரிச்ச மனுஷன இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

அவள் கஞ்சியைக் கிளறப் போய்விட்டாள். ரூனே ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். உதட்டோரத்தில் அது இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்தவன் வீட்டில் இழவு விழக் காத்திருக்கிறவனின் சிரிப்பு. அவருக்கே அருவருப்பாக இருந்தது. சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு, சட்டையோடு வெளியே நடந்தார். மாய்கென் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடவேண்டியிருந்தது.

துணியை விலக்கி, மூன்று வருடத்துக்குப்பின் அந்த பானெட்டைத் திறந்தார். தட்டில்லாமலே உள்ளே வைத்துச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். பானெட்டின் உள்பக்கத்தில் ஆயில் மாற்றிய தேதிகளை ரூனே வெள்ளைப் பெயின்ட்டில் எழுதி வைத்திருப்பது வழக்கம். மேலே ரூனே என்று பேர், கீழே இருபத்திரண்டு வருடத்துத் தேதிகள். அழித்திருப்பான் என்று நினைத்திருந்தார். அழிக்கவில்லை. கடைசித் தேதிக்குக் கீழே, அதே வெள்ளைப் பெயின்ட்டில், பல்டாக்டரின் பொடி எழுத்தில் இன்னும் மூன்று தேதிகள் சேர்ந்திருந்தன. தன் பேரை அவன் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது உள்ளே பச்சையாகக் கூழ். அடிக்குழாயைத் திருகினால் ஒரு சொட்டு வரவில்லை. வீட்டிலிருந்து மின்சார ஹீட்டரை இழுத்து வந்து எஞ்சினுக்கு அடியில் வைத்து, கம்பளியால் மூடி, சிமென்ட் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் கழித்துச் சொட்ட ஆரம்பித்தது, அப்புறம் ஒழுகியது, இரண்டு வாளி நிறைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சினின் பக்கவாட்டில் அடித்து வைத்திருக்கும் தகர மூடிகளில் ஒன்று நகக்கண் அளவு வெளியே தள்ளியிருந்தது. அதாவது, பெருக்க ஆரம்பித்துவிட்டது. வார்ப்பிரும்பில் எங்காவது மயிரிழை விட்டிருக்கிறதா என்பது திரும்பத் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அது ஏப்ரலில்தான். கண்ணாடியில் ஒட்டியிருந்த மைனஸ் முப்பத்தெட்டைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாய்கென் அன்றைக்கே ஹென்னிங்குக்குப் போன் செய்து, ரூனே போய்த் தண்ணீரை வடித்துக் காரைக் காப்பாற்றிவிட்டான் என்று சொல்லிவிட்டாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ரூனேயும் திருத்தவில்லை. குளிர் முடியும்வரை அந்த டேப்பு சட்டைப்பையிலிருந்து சட்டைப்பைக்கு மாறிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை பதினோரு பேரும் வந்தார்கள். ஹென்னிங் வெயிலில் வெந்து சிவந்து, ஸ்பெயினிலிருந்து உப்பிட்டு உலர்த்திய ஒரு முழுப் பன்றித்தொடையைத் தோளில் சுமந்து வந்தார். ரூனே புது மூடி அடித்து, புது மருந்து கலந்து, எல்லோரும் பார்க்கக் குழாயால் அளந்து காட்டினார். பேட்டரி மாட்டியாயிற்று. சாவியைத் திருகவேண்டியதுதான் பாக்கி. அப்போது ஹென்னிங் காபிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்துப் பேச ஆரம்பித்தார். தன் முட்டாள்தனத்தால் போகவிருந்த காரை ரூனே மண்டியிட்டுக் காப்பாற்றினார், இப்படி ஒரு நண்பர் கிடைப்பது அரிது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பன்றித்தொடை ரூனேயின் கைக்கு வந்தது.

ரூனேக்கு ஒன்று மட்டும் விளங்கியது. சாவி திரும்பி, எஞ்சின் நன்றாக ஓடினால் தன் வாய் பிறகு ஒருபோதும் திறக்காது. பிளந்திருந்தால், அப்புறம் சொல்வது மாட்டிக்கொண்டவன் சொல்வது.

"இருங்க டாக்டரே" என்றார். "ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அக்டோபர்ல நான் அளக்கவே இல்ல. பார்க்காமலே எழுதி ஒட்டினேன்." சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினார்.

"தெரியுமே. பக்கத்துலதான நின்னேன். உங்களுக்கு அந்த எஞ்சின் அவ்வளவு அத்துப்படின்னு நினைச்சுக்கிட்டேன்."

"ஏரித் தண்ணி விஷயம் எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். வியாழக்கிழமைதான் போனேன்."

ஹென்னிங் கோப்பையை இறக்கினார். "புதன்கிழமை?"

"புதன்கிழமை பூரா ஜன்னல்கிட்ட உக்காந்து, பிளக்கட்டும்னு வேண்டிக்கிட்டிருந்தேன்."

மாய்கென் கையில் காபி ஜாடியோடு அப்படியே நின்றாள். ஹென்னிங் டேப்பைப் பார்த்தார், ரூனேயைப் பார்த்தார். பிறகு இடது கதவைச் சத்தமில்லாமல் திறந்து ஏறி, சாவியைத் திருகினார். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ரூனே பன்றித்தொடையை யாரிடமோ கொடுத்துவிட்டு, டார்ச்சோடு அடியில் தவழ்ந்து போனார். வார்ப்பிரும்பின் ஓரமெல்லாம் விரலால் தடவினார். காய்ந்திருந்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை, கால்மணி நேரம், அங்கேயே மல்லாந்து கிடந்தார். கடைசியாகத் தடவியபோதும் காய்ந்துதான் இருந்தது.

அவர் வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு நின்றபோது ஹென்னிங் ஜன்னலை இறக்கினார். முகத்தில் சிரிப்பில்லை.

"மூணு வருஷமா ஓட்டறேன். எந்த பெட்ரோல் பங்க்ல நின்னாலும், 'ஓ, ரூனேயோட பிளிமத்தா'ங்கறாங்க. எனக்கும் சில நாள் தோணியிருக்கு, எங்கயாவது மோதி நொறுங்கினாத்தான் இது என்னுதாகும்னு. நீங்க ஒரு நாள்தான் நினைச்சீங்க."

ஏறிக்கொள்ளுங்கள் என்று ஹென்னிங் கூப்பிடவில்லை. பிளிமத் மெதுவாக வெளியே போய்ச் சாலையில் திரும்பியது. மேட்டில் மிதிக்கவேண்டிய இடத்தில் சரியாக மிதித்தார்.

அடுத்த புதன்கிழமை வசந்தத்தை வரவேற்று ஏரிக்கரையில் சொக்கப்பனை கொளுத்தினார்கள். கார்களெல்லாம் பளபளவென்று வரிசையில் நின்றன. ரூனே சாஸேஜ் கடைக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்தார். கடைக்காரி பெரிட் கடுகுச் சாந்தைப் பிழிந்துகொண்டே எட்டிப் பார்த்து, அதோ ரூனேயோட பிளிமத்தும் வந்துவிட்டது என்று சொன்னாள். தேன் நாக்கில் பட்டது. ரூனே வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அது ஹென்னிங்கோட பிளிமத்."

சொல்லி முடித்ததும் வயிறு எரிந்தது. எரியட்டும் என்று இன்னொரு சாஸேஜ் வாங்கிக்கொண்டார்.